பீஸ் யாரைக் காப்பாற்றுகிறது?

தமிழ்நாட்டு மின்வாரியத்தில் புகார் சொல்லும் இடத்துக்கு ‘பியூஸ் ஆஃப் கால்’ ஆபீஸ் என்று பெயர். கம்பம் சாய்ந்தாலும், டிரான்ஸ்பார்மர் புகைந்தாலும், தென்னமட்டை விழுந்து ஒயர் அறுந்தாலும் அங்கேதான் சொல்ல வேண்டும். வீட்டில் கரண்ட் இல்லையென்றால் அநேகமாகப் பீஸ்தான் போயிருக்கும் என்றிருந்த காலம் அந்தப் பெயருக்குள் அப்படியே உறைந்து கிடக்கிறது. 1912 என்ற எண் வந்தது, 2021இல் மின்னகம் வந்தது, பெயர் மட்டும் போகவில்லை. பேச்சிலும் அப்படித்தான். களைத்துப் போனவனைப் பார்த்து “பீஸ் போயிட்டு” என்கிறோம். பதவி போனவர் ‘பீஸ் போன பல்பு’. ஆத்திரம் வந்தால் “பீஸைப் புடுங்கிருவேன்” என்று மிரட்டுகிறோம். தன் உயிரைக் கொடுத்து நம்மைக் காப்பாற்றும் ஒரு சாமானுக்கு நம் மொழியில் கிடைத்த மரியாதை இவ்வளவுதான்.

ஆனால் ‘நம்மை’ என்று இங்கே சொல்வது சரியா? பீஸ் காப்பாற்றுவது யாரை? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், மின்சாரப் பாதுகாப்பின் நூற்றெழுபது வருடக் கதை வேறு மாதிரித் தெரிகிறது.

பல்பும் பீஸும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சூடாகியும் உருகாமல் நிற்க வேண்டிய கம்பி பல்பு. சூடானதும் உருகிவிட வேண்டிய கம்பி பீஸ். எடிசன் 1879இல் பல்பை எரியவைத்துக் காட்டினார். அடுத்த வருடம் மே மாதமே, விளக்குக்குப் போகும் பாதையில் ஒரு மெல்லிய கம்பியை வைத்து, ஓட்டம் மிஞ்சினால் அது உருகிப் பாதையை அறுத்துவிடும் என்ற ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அவருக்கும் முன்னோடி உண்டு. 1847இல் பாரிஸின் லூயி பிரெகே, இடி விழுந்தால் தந்தி நிலையத்துக் கருவிகள் கருகாமலிருக்க, வெளிக்கம்பி உள்ளே நுழையும் இடத்தில் மெல்லிய கம்பியை வைக்கச் சொன்னார். பிரெகே காப்பாற்ற நினைத்தது கருவியை.

அடுத்து வந்தவர்கள் காப்பாற்ற நினைத்தது கட்டிடத்தை. லண்டனில் ஃபீனிக்ஸ் தீக்காப்பீட்டு நிறுவனத்துக்காக மஸ்கிரேவ் ஹீஃபி 1882இல் மின்விளக்கு விதிகளை எழுதினார். வீட்டு வயரிங் இப்படி இருக்க வேண்டும், அப்படி இருக்கக் கூடாது என்று உலகத்தில் முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் இன்சூரன்ஸ்காரர் என்பதைக் கவனிக்க வேண்டும். வயர் சூடாகி மரச்சட்டம் பற்றிக்கொண்டால் பணம் கொடுக்க வேண்டியது அவர்கள்தானே. எந்தக் கம்பி எவ்வளவில் உருகும் என்ற ஆராய்ச்சி அதே பத்தாண்டில் சூடு பிடித்தது. பிரிட்டிஷ் தபால் துறையின் வில்லியம் பிரீஸ் ஒரு சூத்திரம் கண்டார். கம்பியின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் அது உருகத் தேவையான ஓட்டம் இரண்டு மடங்கு அல்ல, ஏறத்தாழ 2.8 மடங்கு ஆகிறது.

இந்தக் கணக்கு நம் ஊர் வீடுகளுக்கு ரொம்ப முக்கியமானது. வெள்ளைப் பீங்கானில் செய்த பீஸ் கட்டையை எல்லாரும் பார்த்திருப்போம், கடைக்காரர்கள் ‘கிட்காட்’ என்பார்கள். பீஸ் போனதும் நாம் என்ன செய்வோம்? கிடைக்கிற ஒயரைச் சீவி, உள்ளேயிருந்து ஒரு செப்பு இழையை உருவிச் சுற்றுவோம். 0.2 மில்லிமீட்டர் இழை ஒன்று பிரீஸ் கணக்குப்படி சுமார் 7 ஆம்பியரில் உருகும். அது மறுபடி போனால்? “தடிச்சதா ஒண்ணு போடுடே.” மூன்று நான்கு இழையை முறுக்கிப் போட்டால் இனி பீஸ் போகாது. போகவேண்டிய நேரத்திலும் போகாது. அப்போது சுவருக்குள் ஓடும் வயரே பீஸ் ஆகிவிடுகிறது. ஹீஃபி எதற்குப் பயந்தாரோ அதை நாம் கையால் முறுக்கி வீட்டுக்குள் வைக்கிறோம்.

தென்காசிப் பக்கம் மின்சாரத்தின் கதை மலையடிவாரத்தில் தொடங்குகிறது. 1885இல் ஹார்வி சகோதரர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை வைத்தபோது, பாபநாசத்தில் விழும் தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தை நம்பித்தான் வைத்தார்கள். அப்போது அது சக்கரம் சுற்றும் தண்ணீர், மின்சாரம் அல்ல. பைக்காரா 1932இல், மேட்டூர் 1937இல், பாபநாசம் 1944இல் என்று மூன்று நீர்மின் நிலையங்கள் வந்து ஒன்றோடொன்று பிணைந்த பிறகுதான் தெற்கே கம்பங்கள் பரவின. பாபநாசம் நிலையம் இன்றைக்கும் 32 மெகாவாட் தருகிறது. இன்றைய கணக்குக்கு அது கொசுறு.

கம்பங்கள் ஊருக்குள் வந்ததை விடக் கிணற்றுக்கு வந்ததுதான் இந்த மண்ணை மாற்றியது. மேற்கே சிற்றாற்றுப் பாசனம், நெல். கிழக்கே ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம், சுரண்டைப் பக்கம் கிணற்றை நம்பிய தோட்டம், காய்கறி. கமலை போய் மோட்டார் வந்தது. மோட்டார் அறைக்குள்தான் பீஸின் இன்னொரு முகம் தெரிந்தது.

பம்ப்செட் மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு ஓட்டத்தை இழுக்கும். அதைத் தாங்கும்படி பீஸைத் தடிமனாகப் போட வேண்டும். தடிமனாகப் போட்டால், மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிச் சாகும்போது பீஸ் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும். இது ஒன்று. இதைவிடக் கொடுமை இன்னொன்று. மூன்று பேஸில் ஒரு பேஸின் பீஸ் மட்டும் போய்விட்டால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காது. மிச்சமுள்ள இரண்டில் சுமையைப் போட்டுக்கொண்டு முனகிக்கொண்டே ஓடும். கொஞ்ச நேரத்தில் காயில் வெந்துபோகும். பீஸ் தன் கடமையைச் செய்திருக்கும், அதனாலேயே மோட்டார் செத்திருக்கும். இந்த ஊர்களின் வைண்டிங் கடைகள் பல வருடம் இந்த ஒற்றைப் பேஸ் புண்ணியத்தில் பிழைத்திருக்கின்றன. பேஸ் குறைந்தால் மோட்டாரை நிறுத்திவிடும் தடுப்பான்கள் பிற்பாடு வந்து ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் உட்கார்ந்தன. ஆக, பீஸ் மோட்டாருக்காகப் பிறந்தது இல்லை. அது லைனுக்காகப் பிறந்தது.

உருகிச் சாகாத, மறுபடி தூக்கிவிடக்கூடிய பீஸ் 1924இல் ஜெர்மனியில் வந்தது. மன்ஹைம் நகரத்து ஹ்யூகோ ஸ்டோட்ஸின் கம்பெனி காப்புரிமை வாங்கிய அந்தச் சின்ன பிரேக்கர்தான் இன்று நாம் ‘எம்சிபி’ என்றும் ‘ட்ரிப்பர்’ என்றும் சொல்வதன் மூதாதை. மெதுவாக மிஞ்சினால் ஒரு உலோகத் தகடு சூட்டில் வளைந்து அணைக்கும். திடீரென்று மிஞ்சினால் காந்தம் இழுத்து அணைக்கும். நல்ல சாமான். ஆனால் அதுவும் பீஸும் அறிந்தது ஒரே விஷயம், அறுப்பது. அறுக்காமல் அளவோடு பிடித்து நிறுத்துவது என்ற யோசனை அதற்குள் இல்லை.

அந்த யோசனையைத் தென்காசிக்காரர்கள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள், தெரியாமல். குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன் முதலான மாதங்களில், செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று கிழக்கே சுரண்டை, பாவூர்ச்சத்திரம் வரை அடிக்கும். 1990களில் தேய்மானச் சலுகை என்ற வருமானவரிக் கவர்ச்சியால் தனியார் பணம் கொட்டியபோது அந்த வெளிகளில் காற்றாலைகள் முளைத்தன. அன்றைய காற்றாலைக்குள் இருந்த ஜெனரேட்டர், நம் கிணற்று மோட்டாரின் பெரியண்ணன்தான். கிரிட்டில் நேராக மாட்டினால் முதல் கணத்தில் முழுத் திறனுக்கு உரியதைப் போலப் பல மடங்கு ஓட்டத்தை இழுத்து, சுற்றுவட்டாரத்து விளக்கையெல்லாம் மங்கவைக்கும். காற்று ஏறி இறங்கும் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாட்டிக் கழற்ற வேண்டியிருக்கும்! அதனால் நடுவில் தைரிஸ்டர் வைத்தார்கள். ஜெனரல் எலக்ட்ரிக் 1957இல் உருவாக்கிய சிலிக்கான் சுவிட்ச் அது. மாறுமின்னோட்டத்தின் ஒவ்வொரு அலையிலும் முதலில் கடைசித் துண்டை மட்டும் விடும். பிறகு கொஞ்சம் கூட. பிறகு இன்னும் கொஞ்சம். குளத்து மதகைச் சாண் சாணாகத் தூக்குவது போல. சில விநாடியில் முழு மதகும் திறந்ததும் ஒரு காண்டாக்டர் விழுந்து தைரிஸ்டருக்கு ஓய்வு கொடுக்கும்.

தற்காப்பு எப்போதும் நல்லதில்லை என்ற பாடமும் காற்றாலைகளிடமிருந்துதான் வந்தது. எங்கோ லைனில் பழுது ஏற்பட்டு வோல்டேஜ் சட்டென்று விழுந்தால், ஒவ்வொரு காற்றாலையும் ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று தன்னைக் கழற்றிக்கொள்ளும். எல்லாம் ஒரே நேரத்தில் கழன்றால் கிரிட் விழுந்துவிடும். வோல்டேஜ் சரிந்தாலும் குறிப்பிட்ட மில்லி விநாடிகள் பல்லைக் கடித்துக்கொண்டு நில் என்று, மத்திய மின்சார ஆணையம் 2013இல் இணைப்பு விதிகளைத் திருத்திச் சொல்ல வேண்டி வந்தது.

சுவரைத் தாண்டிச் சின்ன கருவிகளுக்குள் வருவோம். டிரான்சிஸ்டர் வந்ததும் பீஸுக்குச் சோதனைக் காலம். பீஸ் உருக மில்லி விநாடிகள் வேண்டும். சிலிக்கான் துண்டு சாக அதில் நூற்றில் ஒரு பங்கு போதும். ‘பீஸைக் காப்பாற்றுவதற்காக டிரான்சிஸ்டர் முதலில் உயிர் விடும்’ என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய ஜோக். சிலிக்கானைச் சிலிக்கான்தான் காப்பாற்ற வேண்டும் என்று ஆயிற்று.

இதைச் சிப்புக்குள்ளேயே செய்து காட்டியவர் பாப் விட்லர். பெரும் குடிகாரர், முரடர், மேதை. நேஷனல் செமிகண்டக்டரில் இருந்துகொண்டு 1960களின் இறுதியில் அவர் வடிவமைத்த எல்எம்109, மூன்று கால் கொண்ட 5 வோல்ட் ரெகுலேட்டர். ஓட்டம் மிஞ்சினால் மட்டுப்படுத்தும், அப்படியும் சூடேறினால் தானே அணைந்துகொள்ளும். அதன் வழியில் வந்ததுதான் 7805. எந்தச் சிறிய ஊர் டிவி மெக்கானிக் கடையிலும் டப்பாவில் கிடக்கும். மூன்றாவது காலைத் தெரியாமல் தரையில் தொட்டுவிட்டாலும் 7805 சாகாது. கொதிக்கும், வாயை மூடிக்கொள்ளும், ஆறியதும் மறுபடி வேலைக்கு வரும். பீஸ் பிறந்து ஒரு நூற்றாண்டு ஆகப்போகும் நேரத்தில் ‘மறுபடி வருவது’ என்ற புதுக் குணம் பாதுகாப்புக்குள் நுழைந்தது.

இந்தக் குணம் சட்டமானது யூஎஸ்பியில். 1996 ஜனவரியில் அதன் முதல் பதிப்பு வந்தபோது பொறியாளர்களின் முன்னே இருந்த சிக்கல் இதுதான்: கணினியின் பின்பக்கத்து ஓட்டையில் பொதுமக்கள் எதை வேண்டுமானாலும் செருகுவார்கள். மவுஸ், பிரிண்டர், அறுந்த ஒயர், குழந்தை இருக்கும் வீட்டில் ஹேர்பின். ஒவ்வொரு தடவையும் பெட்டியைப் பிரித்துப் பீஸ் மாற்ற முடியுமா? யூஎஸ்பி விதி சொன்னது: ஓட்டம் மிஞ்சினால் மட்டுப்படுத்த வேண்டும், பிறகு யாரும் கை வைக்காமலே அது பழையபடி மீள வேண்டும். பியூஸ் ஆஃப் கால் ஆபீஸுக்குப் போன் போட வேண்டிய அவசியத்தையே ஒரு வரியில் ஒழித்த விதி.

அதை நிறைவேற்ற இரண்டு வழி இருந்தது. ஒன்று, ரேகெம் கம்பெனி 1980களில் பரப்பிய பாலிமர் பீஸ். பிளாஸ்டிக்குக்குள் கரித்தூள். சூடேறினால் பிளாஸ்டிக் விரிந்து கரித்துகள்கள் ஒன்றையொன்று விட்டு விலகும், தடை பல்லாயிரம் மடங்கு ஏறும். ஆறினால் மீளும். விலை கம்மி, வேகமும் கம்மி.

இன்னொன்று, ஓட்டத்தை மட்டுப்படுத்தும் பவர் சுவிட்ச். 1990களிலேயே மைக்ரெல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்ற கம்பெனிகள் எட்டுக் கால் சிப்பாக இதை விற்கத் தொடங்கிவிட்டன. உள்ளே இருப்பது ஒரு மாஸ்ஃபெட், பெல் ஆய்வகத்தில் முகமது அட்டாலாவும் டாவோன் காங்கும் 1959இல் கண்ட டிரான்சிஸ்டரின் வாரிசு. அதன் கேட் என்பது சரியாகவே கதவு. ஓட்டத்தை அளந்துகொண்டே இருக்கும் ஒரு சின்னச் சுற்று, அளவு மிஞ்சியதும் கதவைப் பாதி சாத்தும். முழுதாக அறுக்காது, வரம்பில் பிடித்துக்கொண்டு நிற்கும். ஏன் உடனே அறுக்கக் கூடாது? எந்தக் கருவியைச் செருகினாலும் முதல் கணத்தில் அதன் கெப்பாசிட்டர்கள் காலியாக இருக்கும், ஒரு விழுங்கு விழுங்கும். அந்தத் தாகத்தையும் உண்மையான ஷார்ட்டையும் பிரித்தறியத் தெரிய வேண்டும். கிணற்று மோட்டார் பீஸுக்குத் தெரியாத வித்தை இது.

பிடித்துக்கொண்டு நிற்பதற்கும் விலை உண்டு. 5 வோல்ட் லைன் ஷார்ட் ஆகிவிட்டது, சிப் அதை அரை ஆம்பியரில் பிடித்திருக்கிறது என்றால், 2.5 வாட் சூடு முழுவதும் அரிசியை விடக் கொஞ்சம் பெரிய சிப்பின் தலையில்தான் இறங்கும். ரொம்ப நேரம் தாங்காது. சூடு மிஞ்சியதும் முழுதாக மூடும். ஆறியதும் மெதுவாகத் திறந்து பார்க்கும். ஷார்ட் இன்னும் இருந்தால் மறுபடி மூடும். குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை, குறைந்தால் அனுமதி, மறுபடி மேலே மழை என்றால் மறுபடி தடை. அந்தக் காவல்தான் இதுவும். என்ன, ஒரு விநாடிக்குள் பலமுறை நடக்கும்.

2011லிருந்து மத்தளம்பாறையில் ஸோஹோ இருக்கிறது. வயலும் மலையும் பார்த்த அந்த அலுவலகத்து மேஜைகளில் செருகப்படும் பென் டிரைவுகளும் போன்களும், குற்றாலத்து லாட்ஜ் அறையில் நாம் சார்ஜ் போடும் போனும், எல்லாமே இப்படியொரு காவலாளிக்குப் பின்னால்தான் இருக்கின்றன. சில ரூபாய் பெறும் ஒரு மவுஸைக் காக்க, மைக்ரோ விநாடிக் கணக்கில் விழித்திருக்கும் சிலிக்கான்.

இனி அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். இதுவரை தந்திக் கருவி, கட்டிடம், வயர், லைன், காற்றாலை, சிப் எல்லாம் காப்பாற்றப்பட்டுவிட்டன. மனிதன்?

கணக்கு எளிது. மனித உடம்பின் தடையைத் தோராயமாக 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம், நனைந்திருந்தால் குறையும். 230 வோல்ட் கம்பியைத் தொட்டால் ஓடுவது 0.23 ஆம்பியர். ஒரு 60 வாட் குண்டு பல்பு எடுப்பது 0.26. வீட்டுப் பீஸின் அளவு 5 ஆம்பியர், அதுவும் சட்டென்று உருக ஏறத்தாழ இரண்டு மடங்கு வேண்டும். அதாவது ஒரு ஆள் ஷாக்கடித்துச் செத்துக்கொண்டிருக்கும்போது, பீஸ் கட்டைக்குத் தெரிவது யாரோ ஒரு பல்பைப் போட்டிருக்கிறார்கள் என்பது மட்டும்தான். பல்புக்கும் ஆளுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. எம்சிபிக்கும் தெரியாது. நாம் காட்டிய அத்தனை சாதுரியமான சிப்புக்கும் தெரியாது.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் டால்சியல் தன்னார்வலர்களை வைத்து, கம்பியைப் பிடித்த கை எந்த அளவு வரை விடுபட முடியும் என்று அளந்தார். சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் தசை இறுகிக் கை கம்பியோடு பூட்டிக்கொள்ளும். மனிதனுக்கான பாதுகாப்பு, ஓட்டத்தின் அளவைப் பார்ப்பதில் இல்லை. போன கரண்ட் முழுசாகத் திரும்பி வந்ததா என்று வரவு செலவு பார்ப்பதில் இருக்கிறது. குறைந்தால் யாரோ ஒருவர் வழியாக மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் 1950களின் நடுவில் இதைச் செய்தார். டால்சியல் 1961இல் டிரான்சிஸ்டர் வைத்துச் செய்தார். இன்று 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் அறுக்கும் ஆர்சிசிபி இதன் வாரிசு. எடிசனின் கம்பிக்கும் இதற்கும் நடுவே எண்பது வருடம். இந்தியாவில் 2010ஆம் ஆண்டின் மின் பாதுகாப்பு விதிகள் இதைக் கட்டாயமாக்கியபோதும், 5 கிலோவாட்டுக்குக் கீழே உள்ள வீட்டு இணைப்புகளுக்கு விலக்கு கொடுத்தன. பின்னால் வந்த திருத்தம் வரம்பைக் குறைத்தது. ஆனால் பீங்கான் கட்டையும் நாலு பல்பும் இருக்கும் வீடு, எந்தக் கணக்கில் பார்த்தாலும் வரம்புக்குக் கீழேதான்.

வீட்டை விட்டு வெளியே, மலையடிவாரத்தில் நிலைமை இன்னும் மோசம். வடகரை, மேக்கரை, சிவகிரிப் பக்கம் யானை இறங்கினால் ஒரே ராத்திரியில் தென்னையும் வாழையும் போய்விடும். பன்றித் தொல்லை தனி. நட்டத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள் விவசாயியைத் திட்டுவது சுலபம். ஆனால் வேலிக் கம்பியில் 230 வோல்ட்டை நேராகக் கொக்கி போட்டு விடுவது, பீஸ் கட்டையின் அதே குருட்டுத்தனத்தைக் காட்டு விளிம்பு முழுக்க நீட்டி வைப்பது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன. மனிதர்கள் சாகும் செய்தி உள்பக்கத்தில் வந்துபோகும், பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்துக்காரர், சில சமயம் வேலி போட்டவரே.

முறையான மின்வேலிப் பெட்டியின் வோல்டேஜ் பல ஆயிரம். ஆனாலும் கொல்லாது. அதற்குள் ஒரு கெப்பாசிட்டர் நிறையும், காற்றாலையில் பார்த்த அதே தைரிஸ்டர் ஒரு விநாடிக்கு ஒருமுறை அதை வேலிக்குள் கவிழ்க்கும். குடத்தில் இருக்கிற தண்ணீர்தான் கொட்டும், ஆறு வராது. ஒரு துடிப்புக்கு 5 ஜூல் என்பது சர்வதேச வரம்பு. அடுத்த துடிப்புக்குள் கையை, தும்பிக்கையை எடுத்துக்கொள்ள அவகாசம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2023இல் மின்வேலிகளுக்கென்றே விதிகள் கொண்டுவந்து பதிவையும் அனுமதியையும் கட்டாயமாக்கியது. பெட்டிக்கும் பேட்டரிக்கும் சோலார் தகட்டுக்கும் ஆகும் செலவு, கொக்கிக்கு ஆகாது என்பதுதான் விதியால் தீர்க்க முடியாத இடம்.

சீசன் நேரத்தில் குற்றாலத்து வயர்மேன்களுக்கு வரும் வேலைகளில் ஒன்று, ஆர்சிசிபி நிற்காமல் விழுகிறது என்பது. சாரலில் சுவர் ஊறியிருக்கும், சுவிட்ச் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருக்கும், ஆட்கள் குளித்துவிட்டு நனைந்த உடம்போடு அறைக்கு வருவார்கள். “அண்ணாச்சி, ரூம்ல ஆள் இருக்கு, இப்போதைக்கு டைரக்ட் பண்ணி விட்டுருங்க” என்பார் லாட்ஜ்காரர். தெரிந்த வயர்மேன் டைரக்ட் பண்ண மாட்டார். ட்ரிப்பர் எல்லாவற்றையும் இறக்குவார், ஒவ்வொரு அறையாகத் தூக்கிக்கொண்டே வருவார். எந்த அறையில் விழுகிறதோ அங்கே போய் முதலில் கீசரைக் கழற்றுவார்.